அடிநீர் போகும் திசை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓடும் ஜேம்ஸ் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில், உண்ணும் சிப்பியான ஆளியின் குஞ்சுத் திட்டுகள் வாய்ப்பகுதியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கின்றன. ஆளியின் இளம்புழு இரண்டு மூன்று வாரம் நீரில் அலைந்த பிறகே ஏதாவது ஓட்டின்மேல் ஒட்டி நிலைகொள்ளும். ஆறு கடலை நோக்கி ஓடுகிறது என்பதே உண்மையானால், அந்த நாட்களுக்குள் புழுக்கள் அத்தனையும் விரிகுடாவுக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும்; மேலே இருக்கும் திட்டுகள் ஆண்டுதோறும் நிரம்ப வழியே இல்லை. 1950இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செசபீக் விரிகுடா ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் பிரிட்சர்ட் இந்த ஆற்றில் ஓட்டத்தையும் உவர்ப்பையும் ஒரே நேரத்தில், மேற்பரப்பிலிருந்து அடிவரை, ஓதச் சுற்றுகள் பல கடக்கும்வரை அளந்தார். ஏற்றத்தையும் வற்றத்தையும் சராசரியில் கழித்துப் பார்த்தபோது மேல்நீர் கடலை நோக்கிப் போயிற்று, அடிநீர் ஆற்றை நோக்கி ஏறிற்று. புழுக்கள் மேலே நிலைத்ததற்கு விளக்கம் கிடைத்தது. கழிமுக இயற்பியல் தனித் துறையாக நிமிர்ந்ததும் இந்த அளவீட்டுக்குப் பிறகுதான்.

கழிமுகத்தில் கண்ணுக்குப் படும் ஓட்டம் பெரிது, ஆனால் அது எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது அதற்குள் மறைந்திருக்கும் சிறிய எச்ச ஓட்டம். இதைச் சாதாரணக் கணக்கிலேயே காட்டலாம். ஓத ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் அது ஒரு நீர்த்துளியை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோகும். அடுத்த ஆறு மணி நேரத்தில் அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அடிநீரில் நொடிக்கு 5 சென்டிமீட்டர் எச்ச ஓட்டம் இருந்தால் அது ஒரு நாளில் 4 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு வாரத்தில் 60 கிலோமீட்டர் போய்விடும், திரும்பி வராது. படகில் நிற்பவருக்கு இந்த 5 சென்டிமீட்டர் தெரியவே தெரியாது. வண்டல் எங்கே படியும், கழிவு எத்தனை நாள் தங்கும், உப்பு எந்த ஊர்வரை ஏறும், மீன்குஞ்சு எங்கே வளரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தத் தெரியாத ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பிறப்பிப்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றே. நன்னீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோ, கடல்நீரினுடையது சுமார் 1025. நூற்றுக்கு இரண்டரை என்ற இந்த வேறுபாடு போதும், கனத்த நீர் அடியில் ஆப்பு போல நுழைந்து லேசான நீரை மேலே தூக்கிவிட.

மேலே லேசான நீர், அடியில் கனத்த நீர் என்ற இந்த அடுக்கமைப்பையும் ஓட்டத்தையும் பிரித்துப் படிக்க முடியாது என்பதைப் பிரிட்சர்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் க்னூட்சன் எளிய கணக்கில் சொல்லிவிட்டார். 1900இல் அவர் வகுத்த உறவு இரண்டு சமநிலைகளை மட்டுமே கேட்கிறது: உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் சமன், உள்ளே வரும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமன். ஒரு கழிமுகத்தின் வாயில் அடிநீரின் உவர்ப்பு 30, மேல்நீரின் உவர்ப்பு 25 என்று கொள்வோம். ஆறு கொண்டுவரும் நீர் ஒரு பங்கு என்றால், அடியில் ஐந்து பங்கு கடல்நீர் உள்ளே வந்தாக வேண்டும். மேலே ஆறு பங்கு வெளியே போயாக வேண்டும். ஆற்றில் வருவதைப் போல ஐந்து மடங்கு நீர் எதிர்த்திசையில் அடியில் ஏறுகிறது! கழிமுகத்தின் கொள்ளளவை ஆற்றின் வரத்தால் வகுத்து, ‘இத்தனை நாளில் நீர் மாறிவிடும்’ என்று எழுதும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த ஒரு கணக்கே சான்று. மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள உவர்ப்பு வேறுபாடு குறையக் குறைய, அதே ஆற்றுவரத்துக்கு அந்த நீர்மாற்றம் பெருகிக்கொண்டே போகும். எனவே உவர்ப்பை மேற்பரப்பில் மட்டும் ஒரு வாளியில் அள்ளிப் பார்த்தவர் கழிமுகத்தை அளக்கவில்லை. அதன் மூடியைத்தான் அளந்திருக்கிறார்.

இவையெல்லாம் ஏட்டுக்கணக்கல்ல என்பதை ஒரு துறைமுகம் பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கலக்கும் கூப்பர் ஆறு ஒரு காலத்தில் நன்னீர்வரத்து மிகச் சொற்பமான ஓத ஆறாக இருந்தது. துறைமுக நீர் மேலிருந்து அடிவரை ஏறக்குறைய ஒரே உவர்ப்போடு கலந்து கிடந்தது. வண்டல் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. 1942இல், மின்னுற்பத்திக்காக, பக்கத்திலிருந்த பெரிய ஆறான சான்டீயின் நீர் கூப்பருக்குத் திருப்பப்பட்டது. நொடிக்குச் சராசரியாக 400 கனமீட்டருக்கும் மேலான நன்னீர் துறைமுகத்தில் வந்து விழுந்தது. அத்தனை நீர் வந்தால் துறைமுகம் கழுவப்பட்டுச் சுத்தமாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு. நன்னீர் மேலே படர்ந்தது, கடல்நீர் அடியில் ஆப்பாக நுழைந்தது, இரண்டடுக்கு ஓட்டம் உருவாயிற்று. மேல்நீரிலிருந்து கீழே இறங்கிய நுண்வண்டலை அடிநீர் பிடித்து, கடலுக்கு விடாமல், திரும்பத் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தது. தூர்வார வேண்டிய அளவு பன்மடங்கு பெருகிற்று. இயற்பியல் மாதிரிகளும் நேரடி அளவீடுகளும் பல ஆண்டுகள் நடந்த பின், 1985இல், புதிய கால்வாய் வெட்டி நீரின் பெரும்பகுதியைச் சான்டீ ஆற்றுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஓர் ஆற்றைத் திருப்பிவிட்டு, நாற்பது ஆண்டுக்குப் பின் அதை மறுபடியும் திருப்பியிருக்கிறார்கள்.

சான்டீயின் சேறு வந்ததால் துறைமுகம் தூர்ந்தது, இதில் அடுக்கமைப்புக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிய நீர் புதிய சேற்றையும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அந்த நீர் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களைக் கடந்தே வந்தது. கரடான வண்டல் அங்கேயே தங்கிவிட, துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் நுண்மண். நுண்மண் மிதந்து கடலுக்குப் போய்விடக்கூடியது. அதைப் போகவிடாமல் உள்ளே நிறுத்தியது எது என்பதே கேள்வி, அதற்கு விடை அடியில் ஏறிய எச்ச ஓட்டம். வரும் சேறு வேறு, தங்கும் சேறு வேறு. தங்குவதைத் தீர்மானிப்பது நீரின் அமைப்பு.

அதேசமயம் சார்ல்ஸ்டன் பாடத்தை எல்லா இடத்துக்கும் அப்படியே எடுத்துப் போவதும் தவறு. கொல்கத்தா துறைமுகத்தின் தூரைக் கழுவுவதற்காகக் கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பும் பராக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கியது. நொடிக்கு 40,000 கன அடி வரை கொண்டுபோகும் கால்வாய் அது. நன்னீர் கழுவும் என்ற அதே நம்பிக்கைதான் அங்கும். ஹூக்ளியின் வாயில் பெரிய ஓதம் ஐந்து மீட்டரை எட்டும். அந்த ஓதம் நீரை மேலும் கீழுமாகக் கலக்கிவிடும் வலிமை உடையது. எனவே அங்கு வண்டலின் போக்கு சார்ல்ஸ்டனைப் போல ஓர் அடுக்கமைப்பால் மட்டும் நடப்பதல்ல. ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாகவும் வற்றம் நீண்ட நேரம் மெதுவாகவும் இருப்பதும் மண்ணை உள்ளே தள்ளுகிறது. ஹூக்ளியில் ஹல்தியா துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் வழியில் தூர்வாரல் இன்றும் ஓயவில்லை. ஒரே நன்னீர், இரண்டு கழிமுகம், இரண்டு விதமான விளைவு. ஓதத்தின் உயரம், வாயின் ஆழம், அகலம், ஆற்றின் வரத்து ஆகியவை சேர்ந்து முடிவுசெய்வதால், ஒரு கழிமுகத்தை இன்னொன்றின் பெயரால் தீர்ப்பளிக்க முடியாது. ஹான்சனும் ராட்ரேயும் 1966இல் கழிமுகங்களை அடுக்கின் வலிமை, சுற்றோட்டத்தின் வலிமை என்ற இரண்டு அளவுகளால் வகைப்படுத்தும் வரைபடம் ஒன்றைத் தந்தார்கள். அதன் உண்மையான பயன், ஒவ்வொன்றும் அந்த வரைபடத்தில் தனக்கென ஓர் இடத்தில் நிற்கிறது என்று நினைவூட்டுவதே. அந்த இடமும் நிலையானதல்ல. பருவத்துக்குப் பருவம் நகரும்.

இந்த இடத்தில் துறைக்குள்ளிருந்தே வந்த கடுமையான மறுப்பையும் சந்திக்க வேண்டும். அடர்த்தி வேறுபாடுதான் எச்ச ஓட்டத்தின் காரணம் என்ற பழைய விளக்கம் முழுமையானதல்ல என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜான் சிம்ப்சனும் அவரது குழுவினரும் 1990இல் லிவர்பூல் விரிகுடாவை வைத்து விளக்கியது இது: வற்றத்தின்போது மேல்நீர் அடிநீரைவிட வேகமாகப் போவதால் நன்னீர் உப்புநீரின்மேல் இழுத்துப் போர்த்தப்பட்டு அடுக்கு வலுக்கிறது, ஏற்றத்தின்போது உப்புநீர் நன்னீரின்மேல் தள்ளப்பட்டு அடுக்கு குலைந்து கலக்கிறது. ஆக ஏற்றமும் வற்றமும் ஒன்றின் தலைகீழ் மற்றொன்று அல்ல. கலக்கும் வலிமை இரண்டிலும் வேறாக இருப்பதால், சராசரி எடுக்கும்போது மிச்சமாக ஓர் ஓட்டம் நிற்கிறது; அதுவும் அடியில் உள்ளே, மேலே வெளியே என்றே இருக்கிறது. 2010இல் பர்ச்சார்டும் ஹெட்லண்டும் எளிமையாக்கப்பட்ட கணினி மாதிரியில் பிரித்துப் பார்த்தபோது, எச்ச ஓட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியிலும் ஒரு பங்கே நேரடியான அடர்த்தி இழுப்பாலும் வந்தது. பிரிட்சர்டின் விளக்கம் இதனால் உடைந்துவிட்டதா? அவர் அளந்த ஓட்டம் உடையவில்லை, அதற்குச் சொன்ன காரணம் விரிந்திருக்கிறது. நம் வாதத்துக்கு இது பலமே. காரணம் அடர்த்தி மட்டும்தான் என்றிருந்தால் சராசரி உவர்ப்பைக் கொண்டு ஓட்டத்தைக் கணித்துவிடலாம். ஒவ்வொரு ஓதத்துக்குள்ளும் அடுக்கு கட்டியும் குலைந்தும் போவது காரணமானால், மணிக்கு மணி அளக்காமல் எதையும் சொல்ல முடியாது.

எவ்வளவு நாள் அளப்பது? ஓதத்தின் சுற்று 12 மணி 25 நிமிடம். எனவே நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு ஒரே இடத்தில் நீர் எடுத்தால் ஓதம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். பதினைந்து நாளில் ஏற்றத்திலும் வற்றத்திலும் மாறி மாறி எடுத்ததாகிவிடும். இல்லாத ஓர் அரைமாத ஏற்ற இறக்கம் பட்டியலில் முளைத்துவிடும். குறைந்தது இரண்டு ஓதம், அதாவது 25 மணி நேரம், விடாமல் அளந்தால்தான் ஓதத்தைக் கழிக்கவே முடியும். அதுவும் போதாது. 1977இல் எல். டபிள்யூ. ஹாஸ் வர்ஜீனியாவின் ஜேம்ஸ், யார்க், ராப்பகனாக் கழிமுகங்களில் கண்டது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நீர் மேலிருந்து அடிவரை கலந்துவிடுகிறது, எட்டாம் பிறையை ஒட்டிய சிறிய ஓதத்தில் மறுபடி அடுக்கு கட்டுகிறது. ஒரே கழிமுகம் ஒரே மாதத்தில் இரண்டு குணம் காட்டுகிறது. பௌர்ணமியன்று போன குழு அடுக்கே இல்லை என்று எழுதும், எட்டு நாள் கழித்துப் போன குழு அடுக்கு உண்டு என்று எழுதும். இரண்டு அறிக்கையும் உண்மை, இரண்டும் அரைகுறை.

கருவிகளிலும் இதே நிலைதான். வெப்பத்தையும் உவர்ப்பையும் ஆழத்தோடு சேர்த்து அளந்துகொண்டே இறங்கும் கருவி இன்று சிறிய படகிலேயே போகும். அடியில் வைத்துவிட்டால் ஒலியலையை மேலே அனுப்பி, மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் சுருதி மாற்றத்திலிருந்து ஒவ்வொரு ஆழத்தின் ஓட்டத்தையும் சொல்லும் டாப்ளர் கருவி மாதக்கணக்கில் இயங்கும். ஆனால் அதன் ஒலிக்கதிர் மேற்பரப்பில் பட்டுச் சிதறுவதால் மேலேயுள்ள நீரில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு அதற்குத் தெரியாது. பத்து மீட்டர் ஆழத்தில் அது அரை மீட்டருக்கு மேல். நன்னீர் மூடி மெல்லியதாக இருக்கும் இடத்தில் அந்த அரை மீட்டரில்தான் கதை இருக்கும். கரையிலிருந்து கடல்மேல் வீசும் உயர் அதிர்வெண் ரேடார் இதற்கு நேரெதிர்: அது மேலேயுள்ள ஒன்றிரண்டு மீட்டர் நீரை மட்டும் பார்க்கிறது. இந்தியக் கரையோரத்தில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த ரேடார்களில் ஒரு இணை கல்பாக்கத்திலும் கடலூரிலும் நிற்கிறது. மிதக்கும் எண்ணெய்க்கும் காணாமல்போன படகுக்கும் அந்தத் தகவல் உயிர்காக்கும். வண்டலுக்கும் அடியில் ஏறும் உப்புக்கும் அதனால் விடை இல்லை.

‘கணினி மாதிரி இருக்கும்போது இத்தனை அளவீடு எதற்கு?’ என்பது இன்று அதிகம் கேட்கும் மறுப்பு. மாதிரிகள் இல்லாமல் இந்தத் துறை இனி நடக்காது என்பதில் ஐயமில்லை. பராக்காவையோ சார்ல்ஸ்டனையோ திட்டமிடும் முன்னரே சோதித்துப் பார்க்க அவை உதவியிருக்கும். ஆனால் மாதிரி ஓதத்தின் உயரத்தைச் சரியாகச் சொன்னது என்பதற்காக அதன் உப்பையும் நம்பிவிடக் கூடாது. ஓதத்தை வாயில் நாமே கொடுக்கிறோம். உள்ளே அது சரியாக வருவது பெரிய சோதனை அல்ல. அடியில் நொடிக்கு 5 சென்டிமீட்டரா, 2 சென்டிமீட்டரா என்பதோ கலக்கத்தின் அளவை எப்படிக் கணித்தோம் என்பதைப் பொறுத்தது. உவர்ப்பின் செங்குத்து அமைப்போடு ஒப்பிடாத மாதிரி, தன் பலவீனமான இடத்தில் சோதிக்கப்படாத மாதிரி.

தமிழகக் கரைக்கு வரும்போது இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனிமுகம் உண்டு. பாடநூல்கள் கழிமுகத்தின் கடல்முனையில் உவர்ப்பு மாறாதது என்று வைத்துக்கொண்டு தொடங்குகின்றன. வங்கக்கடலில் அது நடக்காது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் இந்தியாவின் கிழக்குக் கரையில் எட்டு இடங்களில் மீனவர்களைக் கொண்டு ஐந்து நாளுக்கு ஒருமுறை கடல்நீரை எடுக்கச் சொன்னார்கள். 2014இல் வெளியான அதன் முடிவு: தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு கங்கை, பிரம்மபுத்திரா நீர் கரையை ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் அகலமான ஒரு பட்டையாக, தெற்கே இறங்குகிறது, இரண்டரை மாதத்தில் இந்தியாவின் தென்முனையை எட்டுகிறது. கடலுக்குள் ஓர் ஆறு என்றே அதற்குப் பெயரிட்டார்கள். சென்னைக் கரை மீனவர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வெள்ளத்தை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் பிரித்துச் சொல்வார்கள். வன்னியின் காலத்தில் இறங்குவதே இந்த நீர். 2017 ஜனவரி இறுதியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் தெற்கே சென்னைக் கடற்கரைக்கு வந்து ஒதுங்கியதும் தெற்கு நோக்கிய ஓட்டத்தால்தான். வெள்ளாற்றிலும் கொசஸ்தலையிலும் வடகிழக்குப் பருவமழை நன்னீரைக் கொட்டும் அதே மாதங்களில் வாய்க்கு வெளியே கடலே உப்புக் குறைந்து நிற்கிறது. உள்ளே இழுக்கும் அடர்த்தி வேறுபாடு எவ்வளவு என்பதை ஆற்றை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் ஒரு பாகம் வங்கத்தில் பெய்த மழையில் இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கும் அதே மீனவர்களின் குப்பிகளே பதில். நாட்டின் கடலியலுக்குப் புதிய உண்மை ஒன்றைத் தந்தது ஆய்வுக் கப்பல் அல்ல, தவறாமல் ஐந்து நாளுக்கு ஒருமுறை நிரப்பிய குப்பி. விலையுயர்ந்த கருவியைவிட விடாத தொடர்ச்சி பெரிது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருவதால்தான் மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் கடல்நீருமாக அது மாறுவதை இன்று துணிந்து சொல்ல முடிகிறது.

நம் கழிமுகங்கள் சிறியவை, ஓதம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கிறது, கோடையில் மணல்திட்டு வாயையே அடைத்துவிடுகிறது, இவற்றில் இரண்டடுக்கு ஓட்டத்தைத் தேடுவது வீண் என்றும் சொல்லப்படுகிறது. நான் இதை ஏற்கவில்லை. ஓதம் சிறிதாக இருப்பதாலேயே கலக்கும் வலிமை குறைவு. நன்னீர் வரும்போது அடுக்கு எளிதில் கட்டிவிடும். வாய் அடைபடுவதும் திறப்பதும் ஆண்டில் ஓரிரு முறை நடக்கும் பெரிய மாற்றங்கள். அவை நடக்கும் வாரங்களில் அங்கே கருவி இல்லையென்றால் மீதி மாதங்களின் அளவீடு பாதிக் கதையே. ஆனால் இந்தியாவில் பல திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு மழைக்காலம் நீங்கலான ஒரே ஒரு பருவத்தின் தரவு போதும் என்ற நடைமுறை இருக்கிறது. ஆற்றில் நீரே வராத மாதங்களில் அளந்து, நீர் வரும் மாதங்களுக்குத் தீர்ப்பு எழுதுவது என்பது இதன் பொருள். துறைமுகம் ஆழப்படுத்துவதாகட்டும், அனல்மின் நிலையத்தின் வெந்நீரை விடுவதாகட்டும், முகத்துவாரத்தில் தடுப்புச்சுவர் கட்டுவதாகட்டும், அனுமதி கேட்பவர் மேலிருந்து அடிவரை உவர்ப்பும் ஓட்டமும் அளந்த ஓராண்டுத் தொடரைக் காட்ட வேண்டும். அந்தத் தொடரில் ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் இல்லையென்றால், மற்ற ஒன்பது மாதம் எவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்டிருந்தாலும் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.